11 மாச அக்ரிமென்ட்... மொட்டை மாடிக்கு யார் வெள்ளை அடிப்பது?

தில்லைநகர்ல ஏதோ ஒரு கிராஸ். இரண்டாவது மாடி, மேல நேரா மொட்டை மாடி. நீங்களும் உங்க ஃப்ரெண்டும் சேர்ந்து ஒரு கோச்சிங் சென்டரோ, கஃபேயோ, சின்ன டிசைன் ஆபீஸோ தொடங்கப் போறீங்கன்னு வெச்சுக்கோங்க. இடம் பிடிச்சுப்போச்சு. பில்டிங் ஓனரும் நல்ல மனுஷன். ``வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு தம்பி. வருஷத்துக்கு 5 பர்சன்ட் ஏத்துவேன். கரன்ட் பில் உங்களது''னு சொல்றார். ஸ்டாம்ப் பேப்பர்ல 11 மாசத்துக்கு அக்ரிமென்ட். கையெழுத்து, ஒரு டீ, சாவி கைக்கு வந்தாச்சு.

அப்புறம் சித்திரை வருது. திருச்சி வெயிலைப் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா என்ன? 40 டிகிரியைத் தொடுற நாள்ல அந்த மொட்டை மாடி தோசைக்கல் மாதிரி காயுது. சாயங்காலம் 6 மணிக்கும் சீலிங்ல இருந்து அனல் இறங்குது. ஏ.சி-யை 18-ல வெச்சாலும் ரூம் குளிர மாட்டேங்குது. இ.பி. பில்லைப் பார்த்ததும் உங்களுக்குத்தான் குளிர் எடுக்குது.

ஓனர்கிட்ட போறீங்க. ``சார், மேல வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிச்சா சூடு குறையுமாம்.''

``நல்ல யோசனை தம்பி. தாராளமா அடிச்சுக்கோங்க.''

`அடிச்சுக்கோங்க'. அந்த ஒரு வார்த்தையிலேயே கதை முடிஞ்சுபோச்சு. காசு போட வேண்டியது நீங்க. 11 மாசத்துல அவர் காலி பண்ணச் சொன்னா, அடிச்ச பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துட்டுப் போக முடியுமா? யோசிச்சு, அப்படியே விட்டுடறீங்க. அடுத்த சித்திரையிலும் அதே அனல், அதே பில்.

இதுல யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது. கட்டடம் ஓனருடையது, ஆனா கரன்ட் பில் அவர் கட்டுறதில்லை. பில் கட்டுறது நீங்க, ஆனா கட்டடம் உங்களுடையது இல்லை. செலவு ஒருத்தருக்கு, லாபம் இன்னொருத்தருக்குன்னு ஆயிட்டா, ரெண்டு பேருமே அந்த வேலையைச் செய்ய மாட்டாங்க. இது தில்லைநகர்ல மட்டும் நடக்கிற கதை இல்லை. லண்டன், பாரிஸ், சிட்னின்னு கடை வாடகைக்கு விடுற எல்லா ஊர்லயும் இருக்கிற சிக்கல். அதுக்கு அங்கெல்லாம் கண்டுபிடிச்ச மருந்துக்குப் பேர் `கிரீன் லீஸ்'. பெரிய மந்திரமெல்லாம் இல்லை. கரன்ட், தண்ணி, குப்பை, சூடு இந்த நாலு விஷயத்துல யார் என்ன செய்யணும், யார் காசு போடணும், மிச்சமாகிறதை எப்படிப் பங்கு போடணும்னு வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வெச்சுக்கறது. அவ்வளவுதான்.

அந்த 11 மாசம் எங்கிருந்து வந்தது?

நம்ம ஊர்ல எல்லா அக்ரிமென்ட்டும் ஏன் 11 மாசம்? 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு பண்ணணும். பதிவுன்னா அலைச்சல், முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம். அதைத் தவிர்க்க 11 மாசத்தோட நிறுத்திட்டு, முடிஞ்சதும் புதுசா இன்னொரு 11 மாசம் போட்டுக்குற பழக்கம் வந்துடுச்சு. 15 வருஷமா ஒரே இடத்துல இருக்கிற ஜவுளிக்கடைகூட பேப்பர்ல 11 மாசக் குடித்தனம்தான்.

பதிவுச் செலவு மிச்சம், சரி. ஆனா இந்தப் பழக்கத்துக்கு வேற ஒரு விலை இருக்கு. கட்டடத்துல செய்யுற எந்த நல்ல வேலையும் 11 மாசத்துல போட்ட காசைத் திருப்பித் தராது. ஒரு சின்னக் கணக்கு பாருங்க. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்க இடத்துக்கு நீங்களே போட்டுப் பாருங்க.

மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க 36,000 ரூபாய் ஆகுதுன்னு வெச்சுக்குவோம். அதனால ஏ.சி. பில்லுல சராசரியா மாசம் 2,000 ரூபாய் மிச்சம். நீங்க காசு போட்டு 11 மாசத்துல காலி பண்ணினா, மிச்சமானது 22,000. கையை விட்டுப் போனது 14,000. அதே சமயம் ஓனர் காசு போட்டா, அவருக்கு ஒரு பைசா திரும்ப வராது. அதனால யாரும் அடிக்கிறதில்லை.

இப்போ ஒப்பந்தத்தை 3 வருஷம்னு மாத்துங்க. 36 மாசத்துல மிச்சம் 72,000 ரூபாய். ஓனர் 36,000 போட்டுப் பெயின்ட் அடிக்கிறார். அதுக்காக மாசம் 1,200 ரூபாய் வாடகை கூட்டித் தர்றீங்க. மூணு வருஷத்துல அவருக்கு 43,200 வந்துடும், போட்டது போக 7,200 லாபம். உங்களுக்கு மாசம் 800 வீதம் 28,800 மிச்சம். அதே மாடி, அதே பெயின்ட், அதே ரெண்டு பேர்தான். பேப்பர்ல ஒரு வரி மாறினதும் ரெண்டு பேருக்கும் லாபம்.

சட்டம் பாதி தூரம் வந்து நிக்குது

`வாடகை கூட்டித் தர்றேன்னு நானே சொல்றதா?'ன்னு பதறாதீங்க. இதுக்குச் சட்டத்துலயே வழி இருக்கு. தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017-ல நிறைவேறி, 2019 பிப்ரவரி 22-ல அமலுக்கு வந்தது. வீட்டுக்கு மட்டுமில்லை, கடைக்கும் ஆபீஸுக்கும் சேர்த்துதான்.

அந்தச் சட்டத்துல நம்ம விஷயத்துக்கு ரெண்டு இடம் முக்கியம். ஒண்ணு, குடியிருப்பு எத்தனை மாசமா இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். அதாவது, 11 மாசம்னு போட்டா எந்தப் பதிவும் வேண்டாம்கிற பழைய சௌகரியம் இப்போ இல்லை. எப்படியும் பதிவு பண்ணத்தான் போறோம்னா, 3 வருஷத்துக்கு எழுதினா என்ன?

ரெண்டாவது இன்னும் சுவாரஸ்யம். வாடகைக்கு விட்ட பிறகு ஓனர் கட்டடத்தை மேம்படுத்த நினைச்சா, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே குடியிருப்பவரோட எழுத்துல உடன்பாடு போட்டுக்கணும். வேலை முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு, ஒத்துக்கிட்ட தொகையை வாடகையில கூட்டலாம். சாதாரண ரிப்பேர் இதுல சேராது. மேல நாம போட்ட பெயின்ட் கணக்கு அப்படியே இந்தக் கதவு வழியாத்தான் உள்ளே போகுது.

யார் எதை ரிப்பேர் பண்ணணும்னு அதே சட்டத்துல ஒரு அட்டவணையும் இருக்கு. சுவர் இடிஞ்சா, வெள்ளையடிக்கணும்னா, பைப் மாத்தணும்னா, வயரிங் போச்சுன்னா ஓனர். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் நீங்க. ரொம்ப உபயோகமான பட்டியல். ஆனா உடைஞ்சதைச் சரி பண்ற பட்டியல் அது. கரன்ட்டைக் குறைக்கிறது, குப்பைத் தொட்டிக்கு இடம் விடுறது பத்தியெல்லாம் அதுல இல்லை. அந்த மீதிப் பாதியை நீங்களும் ஓனரும்தான் எழுதிக்கணும்.

சோலார் பேனல் யோசனை இருக்கா? அதுக்கும் ஒரு பழைய சட்டத்தைத் தெரிஞ்சுக்கோங்க. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, குடியிருப்பவர் தான் பொருத்தின பொருளைக் காலி பண்றதுக்கு முன்னாடி கழற்றி எடுத்துக்கலாம். இடத்தை வாங்கின நிலையில திருப்பித் தந்தா போதும். ஓனர் சம்மதமில்லாம நிரந்தரமா எதையும் கட்டக் கூடாது. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தா, அந்த எழுத்துதான் செல்லும். `உள்ளே பொருத்தியது எல்லாம் உரிமையாளருக்கே'னு ஒரு வரியைப் படிக்காம கையெழுத்துப் போட்டா, பேனலும் போச்சு.

பாலம் தாண்டினா வேற கதை

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போங்க. உத்திர வீதி, சித்திரை வீதிகள்ல பழைய வீடுகளோட அமைப்பே சூட்டைச் சமாளிக்கத்தான். வாசல்ல திண்ணை, உள்ளே ரேழி, நடுவுல முற்றம், பின்னாடி கிணறு, கொல்லை. சூடான காத்து முற்றம் வழியா மேலே போகும், மழைத்தண்ணி முற்றத்துல இறங்கும்.

இப்போ அந்த வீடுகள்ல எத்தனையோ, முன்பக்கம் கடை, மாடியில யாத்ரீகர்கள் தங்குற ரூம். திண்ணை இருந்த இடத்துல ஷட்டர். முற்றத்துக்கு மேல ஷீட். கிணத்துக்கு மேல ஸ்லாப். தமிழ்நாட்டுல 2003-லயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க. ஆனா கடைக்கு டைல்ஸ் போடுறப்போ அந்தக் குழி மேலேயே டைல்ஸ் போனா யார் கேட்கிறது? வாடகைக்கு வந்தவர், `எனக்கு என்ன தெரியும், ஓனர் சொல்லலை'ம்பார். ஓனர், `நான் போட்டுத்தான் கொடுத்தேன், அவர் மூடிட்டார்'ம்பார். ரெண்டு பேர் சொல்றதும் உண்மையா இருக்கலாம். ஒப்பந்தத்துல ஒரு வரி இருந்திருந்தா, இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இதே ஸ்ரீரங்கத்துல கோயிலுக்குள்ள நேர்மாறா ஒண்ணு நடந்தது. 2015 கும்பாபிஷேகத்தையொட்டி நடந்த புனரமைப்புல, பின்னாள்ல சேர்ந்த அடைசல்களை எடுத்தாங்க. பழைய மழைநீர் வடிகாலையும் சீர் பண்ணினாங்க. அந்தப் பணிக்கு 2017-ல யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைச்சது. மதிலுக்குள்ள நூற்றாண்டுகளுக்கு முந்தைய வடிகாலுக்கு உயிர் வருது. மதிலுக்கு வெளியே வீதியில, இருபது வருஷத்துக்கு முன்னாடி போட்ட குழி டைல்ஸுக்குக் கீழே போகுது. உள்ளே `இது என் பொறுப்பு'ன்னு சொல்ல ஒரு நிர்வாகம் இருந்தது. வெளியே அந்தப் பொறுப்பு யாருதுன்னு எங்கேயும் எழுதலை.

ஒரு எச்சரிக்கை. ஸ்ரீரங்கத்துல இடம் எடுக்கிறவங்க, அது தனியார் இடமா, கோயில் இடமான்னு முதல்ல கேளுங்க. அடிமனைப் பிரச்னை அங்கே ரொம்ப நாள் பேச்சு. கோயில் சொத்துன்னா 1959-ம் வருஷத்து இந்து சமய அறநிலையச் சட்டம் வந்துடும். 5 வருஷத்துக்கு மேல குத்தகைன்னா ஆணையரோட அனுமதி வேணும். நீண்ட கால வேலைகளுக்குக் காசு போடுறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கிறது நல்லது.

பிரான்ஸ் எழுதிப் பார்த்தது

`எல்லாத்தையும் பேப்பர்ல எழுதிட்டா ஊர் மாறிடுமா?' நியாயமான கேள்வி. பதில் பிரான்ஸ்ல இருக்கு.

அங்கே 2010-ல வந்த ஒரு சட்டம், 2,000 சதுர மீட்டருக்கு மேலான கடை, ஆபீஸ் குத்தகைக்கெல்லாம் ஒரு `சுற்றுச்சூழல் இணைப்பு' கட்டாயம்னு சொன்னது. புது ஒப்பந்தங்களுக்கு 2012 ஜனவரியில இருந்து, பழையதுக்கு 2013 ஜூலையில இருந்து. ஓனரும் வாடகைக்கு இருக்கிறவரும் கரன்ட், தண்ணி கணக்கை ஒருத்தருக்கொருத்தர் காட்டணும், குறைக்கத் திட்டம் போடணும். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனா எழுதாம விட்டா அபராதம்னு அந்தச் சட்டத்துல எதுவும் இல்லை. அதனால பல இடத்துல அது ஒப்பந்தத்தோட பின்னாடி ஒட்டின ஒரு தாளாவே நின்னுபோச்சு. 2019-ல அடுத்த ஆணை வந்தது. 1,000 சதுர மீட்டர் தாண்டின வணிகக் கட்டடங்கள் மின்சாரம் உட்பட எரிசக்திப் பயன்பாட்டை 2030-க்குள் 40, 2040-க்குள் 50, 2050-க்குள் 60 சதவிகிதம் குறைக்கணும்னு இலக்கே வெச்சுட்டாங்க.

இங்கிலாந்து வேற வழியில போச்சு. எரிசக்தி மதிப்பீட்டுல `ஈ' கிரேடுக்குக் கீழே இருக்கிற வணிகக் கட்டடத்தை 2018 ஏப்ரல்ல இருந்து புதுசா வாடகைக்கு விட முடியாது. 2023 ஏப்ரல்ல இருந்து, ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற குத்தகைக்கும் அதுதான். சில விதிவிலக்குகள் உண்டு. ஆனா செய்தி தெளிவு: கட்டடத்தைச் சரி பண்ணலைன்னா வாடகை வராது.

இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. `ரெண்டு பேரும் சுற்றுச்சூழலைப் பாதுகாக்க வேண்டும்'னு எழுதுறது சுவர்ல திருக்குறள் எழுதுற மாதிரி. எல்லாரும் படிப்பாங்க. யூனிட், ரூபாய், தேதி இந்த மூணும் இல்லாத வரிக்குப் பலன் இல்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. `கிரீன்'ங்கிற பேர்ல எல்லாச் செலவையும் வாடகைக்கு வர்றவர் தலையில கட்டலாம். `குப்பை, தண்ணி, கரன்ட், அபராதம் அனைத்தும் வாடகைதாரர் பொறுப்பு'னு ஒரு வரி போட்டா அது கிரீன் லீஸ் இல்லை, சுமையை இறக்கி வைக்கிற வேலை. முதல் கடை போடுற 25 வயசுக்காரங்களால ஓனர்கிட்ட பேரம் பேச முடியாதுங்கிறதும் உண்மை. அதனாலதான் லாபத்தைப் பங்கு போடுற கணக்கோட போகணும். `சூழலுக்கு நல்லது சார்'னு ஆரம்பிச்சா டீயோட முடிஞ்சுடும். `மூணு வருஷத்துல உங்களுக்கு 7,000 ரூபாய் வருது சார்'னு ஆரம்பிங்க, அடுத்த கேள்வி அவரே கேட்பார்.

சரி, என்ன எழுதலாம்?

அடுத்த முறை அக்ரிமென்ட் போடும்போது இந்த அஞ்சு வரியையும் பேசிப் பாருங்க. வக்கீல்கிட்ட ஒருமுறை காட்டிட்டு சேர்த்துக்கோங்க.

1. மீட்டர். ``வாடகை இடத்துக்கெனத் தனி மின் மீட்டர் இருக்கும். பொதுப் பயன்பாட்டு மின்கட்டணம் எந்த விகிதத்தில் பிரிக்கப்படும் என்பது இங்கே குறிப்பிடப்பட்டுள்ளது.'' அளக்க முடியாததைக் குறைக்க முடியாது. வணிக இணைப்புக்கு வீட்டுக்குத் தர்ற 100 யூனிட் இலவசம் எல்லாம் கிடையாது, ஒவ்வொரு யூனிட்டும் காசுதான்.

2. மாடியும் மேம்பாடும். ``மாடி வெப்பத்தடுப்பு வேலையை உரிமையாளர் இந்தத் தேதிக்குள் செய்வார். அதற்காக மாத வாடகையில் இத்தனை ரூபாய் கூட்டப்படும்.'' உங்க பங்குக்கு ஏ.சி-யை 24-ல வைங்க. 2020-ல இருந்து ஸ்டார் லேபிள் ஏ.சி. எல்லாம் ஆன் பண்ணினதும் 24-லதான் நிக்கணும்னு விதியே இருக்கு. ஒரு டிகிரி கூட்டினா சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சம்னு எரிசக்தித் திறன் செயலகம் சொல்லுது.

3. குப்பை. ``மக்கும், மக்காத, அபாயகரமான குப்பைகளுக்குத் தனித்தனித் தொட்டி வைக்க உரிமையாளர் இடம் தருவார். வாடகைதாரர் பிரித்தே கொடுப்பார். பிரிக்காததால் வரும் அபராதம் வாடகைதாரருக்கு, இடம் தராததால் வருவது உரிமையாளருக்கு.'' 2016-ல வந்த திடக்கழிவு விதிகள், குப்பை உருவாகிற இடத்திலேயே பிரிக்கணும்னு சொல்லி, தினமும் 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுற இடங்களுக்குத் தனிப் பொறுப்பே கொடுத்தது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரி 1-ல இருந்தே தமிழ்நாட்டுல இருக்கு.

4. தண்ணீர், கழிவுநீர். ``மழைநீர்க் குழி, கிணறு, முற்றம் ஆகியவற்றை மூடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலத்துக்கு முன் சுத்தம் செய்யும் செலவு இன்னாருடையது.'' மெஸ், கஃபேன்னா கிரீஸ் ட்ராப் யார் வைக்கிறது, யார் சுத்தம் பண்றதுன்னும் எழுதிடுங்க. கிச்சன் எண்ணெய் சாக்கடைக் குழாய்ல உறைஞ்சு அடைச்சா, தெருவுக்கே தெரியும். புத்தூர், பாலக்கரை பக்கம் உய்யக்கொண்டான் வாய்க்காலை எட்டிப் பாருங்க. பேட்டைவாய்த்தலையில காவிரியில இருந்து பிரிஞ்சு வயலுக்குப் போக வெட்டின வாய்க்கால் அது. நகரத்துக் கழிவு அதுல கலக்குற கதை ஊருக்கே தெரியும்.

5. காலி பண்ணும்போது. ``நல்ல நிலையில் உள்ள பார்ட்டிஷன், விளக்கு, டைல்ஸ் ஆகியவற்றை அடுத்து வருபவருக்காக விட்டுச் செல்லலாம். அதற்கான மதிப்பு அட்வான்ஸ் கணக்கில் சேரும்.'' நம்ம அக்ரிமென்ட்கள்ல வழக்கமா வர்றது `பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும்'. நல்லா இருக்கிறதையே உடைச்சு எடுத்து, அந்த இடிபாட்டை எங்கேயாவது கொட்டி, புதுசா வர்றவர் மறுபடி அதையே வாங்கிப் போடுவார். மூணு பேருக்குச் செலவு, ஒரு லாரி குப்பை.

ஊரின் பெரிய ஓனர்

இதையெல்லாம் ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியா பேசி ஜெயிக்கணுமா? வேண்டாம். திருச்சியில கடை வாடகைக்கு விடுறவங்கள்ல மாநகராட்சி ரொம்பப் பெரிய ஓனர். சத்திரம் பேருந்து நிலையம், மத்தியப் பேருந்து நிலையம், 2025 மே மாதம் திறந்த பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையம்னு வணிக இடங்கள் வரிசையா இருக்கு. அங்கே பேரம் கிடையாது, டெண்டர் நிபந்தனைதான். தனி மீட்டர், குப்பைப் பிரிப்பு, கிரீஸ் ட்ராப் இந்த மூணும் அந்த நிபந்தனையில யூனிட், தேதியோட இடம்பிடிச்சு, ஒழுங்கா செய்யுற கடைக்கு வாடகையில சின்ன சலுகையும் வந்தா, பத்திரம் எழுதுறவங்க கையில ஒரு மாதிரி கிடைச்சுடும். நாளைக்கு தில்லைநகர் ஓனரும் அதையே காப்பி எடுப்பார். ஆஸ்திரேலியாவுல கிரீன் லீஸைப் பரப்பினதுல பெரிய பங்கு அரசாங்கத்துக்கு. தனக்கு ஆபீஸ் எடுக்கும்போதே இந்த நிபந்தனைகளைக் கேட்டு வாங்கினாங்க. அங்கே வாடகைக்கு வந்த அரசு செஞ்சது. இங்கே வாடகைக்கு விடுற மாநகராட்சி செய்யலாம்.

2016 தூய்மை நகரங்கள் பட்டியல்ல மைசூரு, சண்டிகருக்கு அடுத்து நாட்டிலேயே மூணாவது இடம் பிடிச்ச ஊர் இது. அந்தப் பெருமைக்குப் பின்னாடி இருந்தது விடியற்காலையில தெருவைக் கூட்டின தூய்மைப் பணியாளர்கள். தெருவைச் சுத்தமா வைக்கிறதை அவங்க செஞ்சாங்க. ஷட்டருக்கு உள்ளே என்ன நடக்கணும்கிறது அவங்க கையில இல்லை. அதை எழுதுற பேனா உங்க கையிலயும் உங்க ஓனர் கையிலயும் இருக்கு.

இன்னிக்கு ராத்திரி உங்க அக்ரிமென்ட் ஜெராக்ஸை எடுத்துப் பாருங்க. வாடகைத் தேதி எத்தனை தடவை வருது, தண்ணி, குப்பை, சூடு எத்தனை தடவை வருதுன்னு எண்ணுங்க. அடுத்த ரெனியூவலுக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்குன்னும் பார்த்துடுங்க. ஓனரைப் பார்க்கப் போறப்போ போன வருஷ சித்திரை மாச இ.பி. பில்லைக் கையோட எடுத்துட்டுப் போங்க. மத்த பேச்சை அந்த பில்லே ஆரம்பிச்சு வெச்சுடும்.